டெல்டா செக்: டியூப்பில் இருப்பது இவர் ரத்தம்தானா?

நேற்று ஒரு நோயாளிக்கு ஹீமோகுளோபின் 9.1, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 72. இன்று அதே பெயரில் வந்த டியூப்பில் ஹீமோகுளோபின் 9.4, எம்சிவி 89. கன்ட்ரோல் (மெஷினைச் சோதிக்க ஓட்டும், அளவு தெரிந்த சாம்பிள்) சரியாக இருக்கிறது, மெஷின் எந்த ஃப்ளாக்கும் (எச்சரிக்கைக் குறி) காட்டவில்லை. ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பவர் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவார். ஆனால் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வது. அதன் சராசரி அளவு ஒரே இரவில் 17 ஃபெம்டோலிட்டர் (எம்சிவியின் அலகு) அதிகரிக்காது. இடையில் ரத்தம் ஏற்றவில்லை என்றால், இரண்டில் ஒரு டியூப் வேறு யாருடையதாகவோ இருக்கலாம்.

இப்படி இன்றைய முடிவை அதே நோயாளியின் முந்தைய முடிவோடு ஒப்பிடுவதுதான் டெல்டா செக். கன்ட்ரோல் மெஷினைச் சோதிக்கும். டியூப்பில் இருப்பது யார் ரத்தம் என்று அதற்குத் தெரியாது.

ஒரே ஆளிடம் அதிகம் மாறாமல், ஆளுக்கு ஆள் நன்றாக வேறுபடும் பரிசோதனைகளைத் தேர்ந்தெடுங்கள். எம்சிவிதான் முதலிடம். அடுத்து கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (கல்லீரல், எலும்பு சார்ந்த நொதி). சர்க்கரை இதற்கு உதவாது, ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே மாறிவிடும். சோடியம், பொட்டாசியம் ஆளை அடையாளம் காட்டாது. நரம்பில் ஏற்றும் டிரிப் திரவம் ரத்தத்தில் கலந்ததைப் பிடிக்க அவை வேண்டும்.

மாற்றம் எவ்வளவைத் தாண்டினால் மென்பொருள் எச்சரித்து ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும் என்பதே வரம்பு. எம்சிவிக்கு 3 நாளுக்குள் 3 முதல் 5 ஃபெம்டோலிட்டர் வரை வரம்பு வைப்பது வழக்கம். கிரியாட்டினினுக்குச் சதவீதம் பொருந்தும், ஆனால் 0.6 என்பது 0.9 ஆனாலே 50 சதவீதம் ஆகிவிடும். அதனால் குறைந்த அளவுகளில் சதவீதத்தோடு நேர் வித்தியாசத்தையும் சேர்த்து வையுங்கள்.

வரம்பைக் கணக்கிடலாம்: உடலின் இயல்பான ஏற்ற இறக்கம் 4.5 சதவீதம், மெஷினுடையது 3 சதவீதம் என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்கினால் சுமார் 15 சதவீதம். உள்நோயாளிகளுக்கு இதையே வரம்பாக வைத்தால் நாள் முழுக்க எச்சரிக்கை வரும். டெக்னீஷியன்கள் பார்க்காமலே அடுத்ததற்குப் போகப் பழகிவிடுவார்கள். அது டெல்டா செக் இல்லாததைவிட மோசம். உங்கள் லேப் மென்பொருளிலிருந்து சில மாத முடிவுகளை எடுத்து, எந்த வரம்பில் ஒரு நாளைக்கு எத்தனை ரிப்போர்ட் நிற்கும் என்று எண்ணுங்கள். பிறகு அந்தப் பழைய முடிவுகளின் நகலில் நோயாளிகளை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு, எத்தனை பிடிபடுகின்றன என்று பாருங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு வருகைக்கும் புது எண் போடும் லேப்பில் பழைய முடிவு இணையாது, டெல்டா செக் ஓடவே ஓடாது. பெயரையும் வயதையும் வைத்து இணைக்காதீர்கள். அதே இனிஷியலில் இரண்டு முருகன் வருவது நம் ஊரில் சாதாரணம்.

எச்சரிக்கை வந்ததும் பலரும் செய்வது, அதே டியூப்பை மறுபடி ஓட்டுவது. ஆள் மாறிய டியூப் எத்தனை முறை ஓட்டினாலும் அதே முடிவைத்தான் தரும். முதலில் லேபிள், ரத்தக் கட்டி, சீரத்தின் நிறம் பாருங்கள். பிறகு மற்ற முடிவுகளைச் சேர்த்துப் படியுங்கள். பொட்டாசியம் எகிறி, கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரிந்திருந்தால் ஊதா மூடி டியூப்பில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து (இடிடிஏ) கலந்திருக்கிறது. சோடியமும் குளோரைடும் ஏறி மற்றவை இறங்கியிருந்தால் சலைன் (உப்பு நீர்) டிரிப் கலந்திருக்கிறது. சர்க்கரை பல நூறாக ஏறி சோடியம் இறங்கியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடும் கையிலிருந்து எடுத்திருக்கலாம். சீரம் சிவந்து பொட்டாசியம் கூடியிருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன.

எம்சிவி பொய்யாகவும் ஏறும்: சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலோ, டியூப் ஒரு நாளுக்கு மேல் வெளியே கிடந்தாலோ அணுக்கள் வீங்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் வார்டைக் கூப்பிட்டு, ரத்தம் ஏற்றினார்களா, டயாலிசிஸ் நடந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் புது சாம்பிள் கேளுங்கள். அது நேற்றைய முடிவோடு ஒத்துப்போகாமல் இன்றைய முடிவோடு ஒத்துப்போனால், தவறு நேற்றையது. அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி, மருத்துவருக்குப் போனிலும் சொல்லுங்கள்.

லேபிள் மாறியது உறுதியானால், அதே நேரத்தில் அதே வார்டில் எடுத்த டியூப்கள் அனைத்தின் ரிப்போர்ட்டையும் நிறுத்தி வையுங்கள். இவர் பெயரில் வந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் அங்கே இருக்கலாம். அவருக்கு இதுதான் முதல் பரிசோதனை என்றால், ஒப்பிடப் பழைய முடிவே இருக்காது. மென்பொருள் அவர் ரிப்போர்ட்டைத் தடுக்காது.