சமரச வட்டம் நடத்தப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறுசீரமைப்பு நீதி வட்டங்களை நடத்தப் புதிதாகப் பழகுகிறவர்களோடு உட்காரும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். செல்போனை அணைத்து வையுங்கள், ஒருவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இருக்காது. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வட்டம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தீங்கு செய்தவர், அதற்கு ஆளானவர், இருவருக்கும் வேண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆனது, சரிசெய்ய என்ன வேண்டும் என்று பேசுவது. தண்டனை யோசிப்பது அதன் வேலை இல்லை.

தனித்தனியாகச் சந்திக்காமல் வட்டத்தைக் கூட்டுவது

மற்ற தவறுகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. "எல்லோரிடமும் போனில் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவார்கள்" என்கிறார்கள். போனில் சொன்னது நேரமும் இடமும். கல்யாணத்துக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. நாலு பையன்கள் ராத்திரியில் பொதுக் கூடத்துக்குள் புகுந்து கண்ணாடி, மைக் செட் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். மறுநாளே யாரென்று தெரிந்துவிட்டது, அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசுவோம் என்று குடியிருப்புச் சங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். நடத்தியவர் அப்போதுதான் பயிற்சி முடித்தவர். பையன்கள், பெற்றோர், சங்க நிர்வாகிகள், அன்று இரவு வேலையில் இருந்த காவலாளி எல்லோரும் வந்திருந்தார்கள். நான் ஓரமாக இருந்து பார்த்தேன்.

பேச்சுக்கோல் கை மாறி வந்தது; அதைக் கையில் வைத்திருப்பவர்தான் பேச வேண்டும். பையன்கள் அழுதார்கள். காவலாளியின் முறை வந்தபோது, "பரவாயில்லைங்க, சின்னப் பசங்கதானே" என்று சொல்லிவிட்டுக் கோலை அடுத்தவரிடம் நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார்.

கொஞ்ச நாளில் அந்தக் காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கவனக்குறைவு என்று சொல்லி, உடைந்த கண்ணாடிக்கு அவர் சம்பளத்தில் பணம் பிடித்திருக்கிறார்கள். பிடித்தது, வட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கைதட்டிய அதே நிர்வாகிகள்.

சம்பளம் கொடுப்பவர் எதிரில் இருக்கும்போது ஒருவர் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? அவரைத் தனியாக, அவருக்குத் தோதான இடத்தில், அரை மணி நேரம் பார்த்திருந்தால் போதும். சம்பளப் பிடித்தம் பேச்சுக்கு வந்திருக்கும். அவர் பக்கத்தில் உட்கார மனைவியோ கூட வேலை செய்பவரோ வந்திருப்பார். நிர்வாகிகளும் பதில் சொல்ல வேண்டியவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வட்டத்தில் அழுத பையன்கள் மட்டும்தான் தங்கள் பங்கைச் செய்தார்கள் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், குடிசைப் பகுதிகளில் 1990களில் இந்த வேலையைத் தொடங்கியவர் டொமினிக் பார்ட்டர். முன்வட்டம், வட்டம், பின்வட்டம் என்று மூன்று கட்டங்களாக அவர் இதை அமைத்தார். முன்வட்டம் என்பது நான் சொல்லும் இந்தத் தனிச் சந்திப்புதான். குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் என்ற பட்டங்களையும் அவர் முறையில் ஒட்டுவதில்லை. ஒரு செயலைச் செய்தவர், அதன் விளைவுக்கு ஆளானவர், சுற்றியுள்ள சமூகம், அவ்வளவுதான். காவலாளி விஷயத்தை இப்படி வைத்துப் பாருங்கள். கண்ணாடியை உடைத்தது ஒரு செயல், சம்பளத்தைப் பிடித்தது இன்னொரு செயல். முதலாவதில் விளைவுக்கு ஆளானவர்கள்தான் இரண்டாவதைச் செய்தவர்கள். முன்சந்திப்பு இல்லாமல் இந்த இரண்டாவது செயல் கண்ணிலேயே படாது.

சரி, அந்தச் சந்திப்பில் என்ன கேட்பது? என்ன நடந்தது, அதன் பிறகு உங்கள் அன்றாடத்தில் என்ன மாறியது, யார் கட்டாயம் வர வேண்டும், யார் இருந்தால் உங்களால் பேச முடியாது, பக்கத்தில் யார் இருந்தால் தைரியம் வரும். "இவரோடு உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல், வேலை, வாடகை ஏதாவது உண்டா?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். செயலைச் செய்தவரிடம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நடந்ததை அவர் ஒத்துக்கொள்கிறாரா என்பது. மழுப்புகிறவரை வட்டத்தில் உட்காரவைத்தால் அடிபட்டவர் இரண்டாவது முறையும் அடிபடுவார்.

ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் 2002இல் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளும் இதைச் சொல்கின்றன. இரு தரப்பும் சொந்த விருப்பத்தோடு வர வேண்டும், இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், நடந்ததன் அடிப்படை விவரங்களில் பொதுவாக ஒத்துப்போக வேண்டும். வட்டத்துக்கு வந்ததையே பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதையெல்லாம் பேசி விளங்கவைக்கும் இடம் முன்சந்திப்புதான்.

"எல்மைராவில் நேராகப் போய்க் கதவைத் தட்டினார்களே!" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அந்த ஊரில் 1974இல் நடந்ததைச் சொல்கிறார்கள். குடிபோதையில் 22 இடங்களில் சேதம் செய்த இரண்டு இளைஞர்களை, நீதிபதியின் சம்மதத்தோடு, நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி வீடு வீடாக அழைத்துப் போனார். முன்சந்திப்பு நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இளைஞர்கள் ஏற்கெனவே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில் நின்று பேசினார், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கவில்லை. அதற்குப் பின்னால் வளர்ந்த திட்டங்கள் முன்சந்திப்பைத் தங்கள் முறையில் சேர்த்துக்கொண்டன. கதவைத் தட்டியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் எப்படி?

இன்னொன்று. முன்சந்திப்பு முடிந்ததும், இந்த வட்டம் வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் வரலாம். கூட்டாத வட்டத்துக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்தான். பரவாயில்லை.

மன்னிப்பை இலக்காக வைப்பது

கேட்கச் சொல்லாதீர்கள். கொடுக்கவும் சொல்லாதீர்கள்.

பரிவான பேச்சை வாய்ப்பாடாக ஒப்பிப்பது

மார்ஷல் ரோசன்பெர்க் உருவாக்கிய வன்முறையற்ற தொடர்பாடல் என்ற பேச்சு முறையில் நான்கு பகுதிகள் உண்டு: பார்த்ததைச் சொல்வது, மனதில் எழுந்ததைச் சொல்வது, அதன் பின்னால் இருக்கும் தேவையைச் சொல்வது, கேட்க வேண்டியதைக் கேட்பது. பயிற்சியில் இதைக் கற்றவர்கள் வட்டத்துக்கு வந்து, "நீங்கள் என்னை மதிக்கவில்லை என்று உணர்கிறேன்" என்கிறார்கள். இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது? எதிராளி மேல் வைத்த குற்றச்சாட்டுதான் இருக்கிறது. "நான் பேச ஆரம்பித்ததும் இரண்டு முறை பேச்சை மாற்றினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல எனக்கு இடம் வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் என்னைப் பேசவிடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எதிராளி "முடியாது" என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் அது கட்டளை.

இதைவிட மோசமான ஒன்று, வட்டத்தை நடத்தும் நெறியாளர்களே செய்வது. கொதித்துப்போய் வந்திருக்கும் ஒரு பெண்ணிடம், "அது பார்த்ததைச் சொல்வது இல்லைம்மா, தீர்ப்பு. மாற்றிச் சொல்லுங்கள்" என்று திருத்தியதைக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா அதன் பிறகு வாயே திறக்கவில்லை. அவர் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும். திட்டுக்குள் இருக்கும் தேவையைக் காதில் வாங்கி, "உங்கள் பிள்ளை பத்திரமாக வெளியே போய்வர வேண்டும், அதுதானே?" என்று திருப்பிக் கேட்க வேண்டியது நெறியாளர். அந்த நான்கு பகுதிகளும் அதற்குத்தான் அதிகம் பயன்படும்.

ஒவ்வொருவர் பேசியதும் விளக்கவுரை தருவது

பேச்சுக்கோல் முறையைப் பலருக்கு எடுத்துச் சென்றவர்களில் ஒருவர் கே பிரானிஸ். அவர் இதைக் கற்றது கனடாவின் யூக்கான் பகுதிப் பூர்வகுடி மக்கள் வழியாக. கோல் இல்லாமல் பேசும் உரிமை நெறியாளருக்கு உண்டு. கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள்.

பஞ்சாயத்து பண்ணுவது

தீர்ப்பு சொல்ல ஆசையாக இருந்தால் வேறு வேலை பாருங்கள்.

ஒப்பந்தத்தை நீங்களே எழுதுவது

நேரம் ஆகிவிட்டது, எல்லோரும் களைத்துவிட்டார்கள், நெறியாளர் பேனாவை எடுத்துவிடுகிறார். நியூசிலாந்து 1989இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, தவறு செய்த சிறார்களுக்காகக் குடும்பக் கூட்டம் நடத்துகிறார்கள். அதில் ஒரு கட்டத்தில் ஒருங்கிணைப்பாளர், போலீஸ் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாக உட்கார்ந்து திட்டம் யோசிக்கும். அரை மணி நேரம் வெளியே நிற்பது பலருக்குக் கஷ்டமாக இருக்கும். நின்று பழகுங்கள். "இனி ஒழுங்காக நடந்துகொள்வோம்" என்று எழுதி வந்தால் மட்டும் உள்ளே போய், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.

குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை

புதியவர்கள் தொடக் கூடாது.

அடுத்த தேதி குறிக்காமல் கலைவது

பின்வட்டத்தை ஏதோ நன்றி சொல்லும் கூட்டம் மாதிரி நினைக்கிறார்கள். கொடுத்த வாக்கு நடந்ததா என்று பார்க்கிற இடம் அது. நடக்கவில்லை என்றால் உடனே சம்பந்தப்பட்டவரைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அந்த வாக்கு நடக்கக்கூடியதாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பையனிடம் முழுப் பணத்தையும் கேட்டிருந்தால் கட்டப்போவது அவன் அப்பா. சனிக்கிழமைகளில் வந்து கூடத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தால் அவனே வருவான்.