நீலகிரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையில் என்ன இருக்கலாம்?

நான்கு வருடங்களுக்கு முன் குன்னூரில் பெரியம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கோவையில் விமானம் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மலையேறி, காலை ஏழு மணிக்கு வார்டில் நின்றேன். கையில் ஒரு பொட்டலம் வர்க்கி (டீயில் நனைத்துச் சாப்பிடும் மொறுமொறு பலகாரம்), ஃபிளாஸ்கில் டீ. பெரியம்மாவுக்கு வர்க்கி என்றால் உயிர். "எதுவும் வேண்டாம் கண்ணு" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். பத்து மணிக்கு தியேட்டர் சிஸ்டர் வந்தார். போர்வை மேல் கிடந்த தூளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆபரேஷன் அன்று நடக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் அடுத்து வரும் நாளுக்காக மூன்று நாள் காத்திருந்தோம், அத்தனை வலியோடு.

எதுவும் சாப்பிடக் கூடாது என்று கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. நம்மில் பலர் வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம், மூன்று வாரம் லீவில் ஓடி வருகிறோம். அந்த அவசரத்தில் பாசம் முழுவதும் சாப்பாடாகத்தான் வெளிப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மயக்க மருந்து கொடுக்கப் போகிறவருக்கு பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே திட உணவை நிறுத்திவிடுவார்கள். பால் கலந்த டீயும் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை சரி என்பார்கள், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். மயக்கத்தில் வாந்தி வந்தால் இருமித் துப்ப முடியாது, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வாய்தானே என்று கொடுக்கிற வாய் அங்கேதான் ஆபத்தாகிறது.

ஆகவே பையைத் திறப்பதற்கு முன் வார்டு சிஸ்டரிடம் போய் நில்லுங்கள். "சிஸ்டர், இவங்க இன்னிக்கு வாய் வழியா சாப்பிடலாமா? தண்ணி அளவு ஏதாவது சொல்லியிருக்காங்களா? இதைக் கொடுக்கலாமா?" என்று பாத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். நேற்று சரி என்றது இன்று கூடாததாக இருக்கலாம். சொந்தக்காரர்களிடம் கேட்டால் போதாது. அவர்களும் உங்களைப் போலத்தான், கொடுக்கத்தான் சொல்வார்கள்.

இளநீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி நாலு இளநீர் வாங்கி ஏற்றிக்கொண்டு போவது நம் வழக்கம். ஆஸ்பத்திரி என்றாலே இளநீர், ஆரஞ்சு, வாழைப்பழம். நல்ல பொருள்தான், ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷத்துக்குச் சமம். இவற்றில் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகலாம். டயாலிசிஸ் செய்பவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. அதில் கஞ்சி, மோர், ரசம் எல்லாம் சேர்த்தி. படுக்கைக்கு அருகில் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எழுதும் தாள் இருந்தால், நீங்கள் கொடுத்த அரை டம்ளரையும் சிஸ்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லும் வரை ஸ்பூனைத் தொடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் கேட்காமல் வேண்டாம். அதில் மாவு இருக்கிறது, அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

பிரசவ வார்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் மலைத்தேன் பாட்டில்களைப் பார்த்ததும், குழந்தைக்குச் சேனை வைக்க ஒன்று வாங்கத் தோன்றும். வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு. ஒரு வயது முடியும் வரை குழந்தை நாக்கில் தேன் படக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பு துவண்டு மூச்சே நின்றுவிடலாம். சுத்தமான தேன் என்பதால் இது மாறாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பெரியவர்கள் வருத்தப்பட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி மலைக்கே உரிய சில விஷயங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறை வந்தது. கிளம்பும் முன் இப்போதைய விதியைப் பார்த்து, வாடகைக் காராக இருந்தாலும் கையோடு எடுத்துவிடுங்கள். நோயாளியைப் பார்க்கும் அவசரத்தில் சோதனைச்சாவடியில் நிற்பது கொடுமை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் நீலகிரி மாவட்டத்தில் தடை இருக்கிறது. கேரி பேக்கில் கட்டிய பார்சலோடு மலையேறாமல் எவர்சில்வர் கேரியரும் தூக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் கட்டிய சாப்பாட்டை ஊட்டி வரை கொண்டு போகாதீர்கள். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் நோயாளிக்கு ஆகாது. மேலே குளிர்தானே, கெடாது என்பது தவறான நம்பிக்கை. காருக்குள் குளிர் இல்லை. சட்னியும் தேங்காய்ப்பாலும்தான் முதலில் போகும்.

வார்டில் எல்லோருக்கும் தேவைப்படுவது சுடுதண்ணீர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கொப்புளம் வந்ததும் இறக்காமல் 3 நிமிடம் கொதிக்கவிட்டு ஃபிளாஸ்கில் ஊற்றுங்கள்.

பழப்பையை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், குரங்கு வரும். மிச்சத்தை வெளியே கொட்டினால் காட்டெருமையும் கரடியும்கூட வந்துவிடும். அப்புறம், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரே என்று அவருக்கும் ஒரு வாழைப்பழம் நீட்டத் தோன்றும். அவர் நோய் நமக்குத் தெரியாது. அவர் கூட இருப்பவரிடம் கொடுங்கள்.

அந்தக் கூட இருப்பவர்தான் நான் கடைசியாகச் சொல்ல வந்த ஆள். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பால், ரொட்டி, முட்டை, சாதம் என்று இலவசமாகக் கொடுப்பார்கள். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் வெளிச் சாப்பாட்டையே அனுமதிப்பதில்லை, வாசலில் செக்யூரிட்டியிடம் வாதாட வேண்டாம். ஆனால் கட்டிலுக்கு அருகில் பாய் போட்டுப் படுத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் அக்காவோ மதினியோ என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

பெரியம்மா படுத்திருந்தபோது அக்கா ஐந்து நாளாகப் பன்னும் டீயும்தான். ஆறாம் நாள் கேரியரில் சுடுசோறும், அவரைக்கொட்டைக் குழம்பும், பீன்ஸ் பொரியலும் கொண்டு போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கேரியரின் மூன்று அடுக்கையும் காலி செய்தாள். கேரியரை மதியம் ஒரு மணிக்குக் கொண்டு போங்கள். அவர் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து, ஒரு தூக்கம் போட்டு வரும் வரை கட்டில் பக்கத்து ஸ்டூலில் நீங்கள் உட்காருங்கள்.