எஃகுக் கம்பியின் யங் குணகம் அளப்பது எப்படி?

எஃகு ரப்பரைப் போல நீளாது என்று தோன்றும். ஆனால் நீளும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த நீட்சியை அளந்தால் யங் குணகம், அதாவது ஒரு பொருள் நீள்வதை எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் எண், கைக்கு வரும்.

முதலில் கம்பி. 0.3 மி.மீ. விட்டமுள்ள, பியானோவுக்குப் போடும் விறைப்பான எஃகுக் கம்பி வேண்டும். கட்டுக் கம்பி வேண்டாம். அது மென்மையானது, சிறு சுமையிலேயே மீட்சி எல்லையை (சுமையை எடுத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும் வரம்பை) தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும்.

படி 1: ஒரே சுருளிலிருந்து இரண்டு கம்பிகளை வெட்டி, பக்கத்தில் பக்கமாக ஒரே உத்தரத்தில் இறுக்கித் தொங்கவிடுங்கள். பிடியிலிருந்து அளவுகோல் வரை நீளம் 2.5 மீட்டர். ஒன்றில் அளவுகோல், மற்றதில் வெர்னியர் (அளவுகோலின் கோடுகளுக்கு இடைப்பட்ட நுண்ணளவைப் படிக்க உதவும் துணை அளவுகோல்). இரண்டாவது கம்பி எதற்கு? உத்தரம் வளைந்தாலும் அறை சூடானாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும், பிழை கழிந்துவிடும். 5 டிகிரி சூடு ஏறினாலே இந்த நீளத்துக்குச் சுமார் 0.15 மி.மீ. கூடும், சின்ன விஷயமில்லை.

படி 2: இரண்டிலும் 1 கிலோ தொங்கவிட்டு நெளிவை எடுங்கள். இதுதான் தொடக்கப் புள்ளி. நெளிவு போகாமல் அளந்தால், நிமிர்வதையும் நீட்சி என்று கணக்கிட்டுவிடுவீர்கள்.

படி 3: பிடியின் வாயருகே கம்பியில் மையால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் உதவும்.

படி 4: திருகு அளவியால் விட்டத்தை ஐந்தாறு இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால், 0.01 மி.மீ. தவறினால் விடை கிட்டத்தட்ட 7 சதவீதம் தவறும். திருகு அளவியின் சுழிப் பிழையையும் (வாய் மூடியிருக்கும்போதே அது காட்டும் அளவை) கழிக்க மறக்கக் கூடாது.

படி 5: பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அறுந்த கம்பி சாட்டையாகத் திரும்பும். வெர்னியர் உள்ள கம்பியில் மட்டும் கிலோ கிலோவாக நான்கு முறை சுமை ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் விட்டு அளவைக் குறியுங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 1.7 மி.மீ. நீள வேண்டும்.

படி 6: அதே வரிசையில் இறக்கிக்கொண்டே மறுபடி அளவெடுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவுகள் பொருந்தினால் மீட்சி எல்லைக்குள் இருக்கிறீர்கள். பொருந்தாவிட்டால் மைக்கோட்டைப் பாருங்கள்: நகர்ந்திருந்தால் பிடி வழுக்கியிருக்கிறது, நகராவிட்டால் கம்பியே நிரந்தரமாக நீண்டிருக்கலாம்.

கணக்கு: சுமைக்கு எதிராக நீட்சியை வரைந்து நேர்கோட்டின் சரிவை எடுங்கள், ஒற்றை அளவை நம்ப வேண்டாம். கிலோவுக்கு 1.73 மி.மீ. என்றால், ஒரு கிலோவின் எடையான 9.8 நியூட்டனை கம்பியின் 0.0707 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பால் வகுக்கத் தகைவு (பரப்பு அலகுக்கான விசை) சதுர மி.மீ.க்கு 138.6 நியூட்டன். திரிபு (நீட்சியை முழு நீளத்தால் வகுத்தது) 1.73 ÷ 2500, அதாவது 0.000692. தகைவைத் திரிபால் வகுத்தால் சதுர மி.மீ.க்குச் சுமார் 2,00,000 நியூட்டன், அதாவது 200 ஜிகாபாஸ்கல். விடை 170 அல்லது 230 என்று வந்தால், முதலில் விட்டத்தைத்தான் திரும்ப அளக்க வேண்டும்.