எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தில் செய்யும் தவறுகள்

லினக்ஸ் நிறுவிய கையோடு, எழுத எழுத எஸ்எஸ்டி (ஃபிளாஷ் நினைவக டிரைவ்) தேய்ந்துவிடுமே என்று பலர் ஸ்வாப்பை, அதாவது ரேம் போதாதபோது உதவும் டிரைவ் இடத்தை, அணைக்கிறார்கள். சிஸ்டத்தில் நடப்பதைப் பதியும் லாக் கோப்புகளை ரேமுக்கு மாற்றுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 டிபி டிரைவ்கள் பலவற்றுக்கு உத்தரவாதத்தில் தரப்படும் எழுதும் வரம்பு 600 டிபி. நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் ஸ்வாப் இல்லாமல் ரேம் நிரம்பினால் லினக்ஸின் மையமான கெர்னல் ஏதாவதொரு புரோகிராமை நிறுத்திவிடும்; சேமிக்காத வேலை போய்விடும். லாக் ரேமில் இருந்தால், மெஷின் ஏன் உறைந்தது என்ற தடயமும் ரீபூட்டோடு அழியும்.

தேய்மானத்தை உண்மையில் கூட்டுவது ட்ரிம், அதாவது எந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை, ஓடாமல் விடுவதுதான். கோப்பை அழித்தது ஃபைல்சிஸ்டத்துக்குத் தெரியும், டிரைவுக்குத் தெரியாது. ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான். எனவே ஒரு பிளாக்கைக் காலிசெய்யும்போது, நீங்கள் என்றோ அழித்த தரவையும் டிரைவ் வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கும். ட்ரிம்மை அவ்வப்போது ஓட்டும் எஃப்எஸ்ட்ரிம் டைமர் வாரம் ஒருமுறை ஓடினால் போதும். அது இயங்குகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஒருமுறை பாருங்கள். லினக்ஸின் லக்ஸ் முறையில் டிரைவைக் குறியாக்கம் செய்திருந்தால் தனிக் கவனம் தேவை: கிரிப்ட்டேப் என்ற அமைப்புக் கோப்பில் டிஸ்கார்ட் என்று சேர்க்காவிட்டால் ட்ரிம் கீழே போகாது. சேர்த்தால் எந்த பிளாக்குகள் காலி என்பது வெளியே தெரியும். பெரும்பாலோருக்கு அது பரவாயில்லை என்பது என் கருத்து. ஓப்பன்இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில், ட்ரிம்மைத் தானாக ஓட்டும் ஆட்டோட்ரிம் இயல்பாகவே அணைந்திருக்கும்.

டிரைவை விற்கும்முன் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு பூஜ்யம் நிரப்புவதும் வீண். டிரைவ் தனக்கென ஒதுக்கிவைத்த பகுதியை அது தொடாது. டிரைவிலேயே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளைதான் சரி.

இவற்றையெல்லாம்விட என்னைப் பதறவைப்பது, வேகத்துக்காக பேரியரை, அதாவது தரவு சரியான வரிசையில் டிரைவில் பதிவதை உறுதிசெய்யும் அமைப்பை, அணைப்பது. மின்சாரம் போனால் கேஷில் இருந்தது மறையும், ஃபைல்சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலின் வரிசை குலையும், ஃபைல்சிஸ்டமே சிதையலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டிரைவின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் 'பர்சென்டேஜ் யூஸ்டு' (பயன்பட்ட சதவீதம்) 3 என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடவும் கூடாது. அது தேய்மானத்தை மட்டுமே சொல்லும். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்போ அதன் மென்பொருளான ஃபர்ம்வேரோ பழுதானால், நேற்றுவரை ஓடிய டிரைவ் இன்று பட்டியலிலேயே இருக்காது. பேக்கப் வேண்டும், அந்த பேக்கப்பும் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடக்கும் இன்னொரு எஸ்எஸ்டியாக இருக்கக் கூடாது. எழுதும் வரம்பு முடிந்த டிரைவ், 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி 1 ஆண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே சாதாரணப் பயன்பாட்டு டிரைவ்களுக்கு, சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த அளவுகோல். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், வெப்பம் கூடினால் அதுவும் குறையும்.