லயத்து விளக்கடியில் விழும் வண்டு எந்தக் கூட்டம்?

மழை விட்ட இரவுகளில் மலேசியாவின் பாகான் டத்தோ பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், தொழிலாளர் லயத்து விளக்கடியில் வண்டுகள் வந்து விழும். கறுப்பாகக் கனமாக இருந்தால் போதும், 'கும்பாங் படாக்' (செம்பனையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டுக்கு மலாய்ப் பெயர்) என்று மிதித்துவிடுகிறார்கள். சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் நல்ல வண்டும் இப்படித்தான் சாகிறது. கொம்பை நம்ப வேண்டாம். காண்டாமிருக வண்டில் பெண்ணின் கொம்பு சிறியது. சாணி வண்டு ஆண்கள் பலவற்றுக்கும் கொம்பு உண்டு.

10 மடங்கு லென்ஸும் ஒரு ஊசியும் போதும். வண்டை டப்பாவில் அடைத்து ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள். காய்ந்த வண்டாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறட்டும். அவசரப்பட்டு இழுத்தால் பாதம் ஒடியும். பாதம் போனால் பாதி அடையாளம் போச்சு.

முதலில் உணர்கொம்பின் நுனி. தகடுகள் விசிறிபோல் விரிந்து, இறுக மூடினால் ஸ்காரப் குடும்பம்; சாணி வண்டு, காண்டாமிருக வண்டு எல்லாம் இதில்தான். மூடாமல் சீப்புப் பல்போல் நின்றால் வேறு குடும்பம், அதோடு விடுங்கள்.

அடுத்து பின்னங்கால். கீழ்க்கால் நுனியில் ஒரே ஒரு முள், முதுகில் சிறகுகள் சேரும் இடத்தில் முக்கோணத் தகடு தெரியவில்லை என்றால் சாணி வண்டு. பிறகு தோள்: மூடுசிறகின் (மேலே மூடும் கடினமான சிறகின்) ஓரம் தோளுக்குப் பின்னால் உள்வாங்கியிருந்தால் பூ வண்டு. அது மூடுசிறகை விரிக்காமலே அந்த இடுக்கு வழியாகப் பின்சிறகை நீட்டிப் பறக்கும்.

இரண்டும் இல்லையா? இப்போதுதான் நகம். பின்னங்கால் நகம் இரண்டில் ஒன்று தடித்து நீண்டிருந்தால் இலை தின்னும் ருட்டெலினே என்ற துணைக்குடும்பம். இரண்டும் சமமாக, உட்புறம் பல்லோ பிளவோ இருந்தால் பெரும்பாலும் மெலோலந்தினே துணைக்குடும்பம்; இதன் புழு வேரைத் தின்னும். சமமாக, பல் இல்லாமல் இருந்து, மேலிருந்து பார்க்கும்போதே தாடை வெளியே தெரிந்தால் டைனாஸ்டினே, நம் காண்டாமிருக வண்டின் கூட்டம். முன்னங்கால் நகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில வகை ஆண்களில் அது இயல்பாகவே சமமில்லாமல் இருக்கும்.

காண்டாமிருக வண்டுதான் என்று உறுதியானதும் வயிற்றின் பின்நுனியைத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பு முடி அடர்ந்திருந்தால் பெண். மக்கிய செம்பனைத் தண்டில் முட்டையிடுவது அதுதான்.

தண்டைப் பிளக்கும்போது வெள்ளைப் புழு கிடைத்தால் சிமெண்டுத் தரையில் விடுங்கள். மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டுப் புழு. கொல்ல வேண்டாம், திரும்ப மட்கில் போடுங்கள்.