ஆனர்ஸ் பட்டம் கைநழுவிப் போவது எங்கே?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆனர்ஸ் திட்டத்துக்குள், அதாவது நன்றாகப் படிப்பவர்களுக்கான கூடுதல் சவாலான படிப்புக்குள், நுழைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதை முடித்து வெளியே வருவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பாதியில் விடுபவர்களைப் பார்த்தால், படிப்பு வராமல் விட்டவர்களைவிட, ஒரு படிவத்தையோ தேதியையோ கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. நல்ல மாணவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள். விதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மதிப்பெண் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதல் குழப்பம், எந்த ஆனர்ஸ் என்பதிலேயே இருக்கிறது. பட்டமளிப்பில் 'கம் லாடே', 'மேக்னா கம் லாடே', 'சும்மா கம் லாடே' என்று லத்தீனில் படிப்படியாக உயரும் சிறப்புகளைத் தருவது ஒன்று. இது பெரும்பாலும் ஜி.பி.ஏ. எனப்படும், 4.0 அளவுகோலில் போடும் மதிப்பெண் சராசரியையோ வகுப்பில் உங்கள் இடத்தையோ வைத்துத் தானாக வருவது. துறை தரும் ஆனர்ஸ் வேறு. அது உங்கள் மேஜருக்குள், அதாவது முதன்மைப் பாடத்துக்குள், நடப்பது. பல்கலைக்கழக ஆனர்ஸ் திட்டம் மூன்றாவது. ஒன்றை முடித்தால் மற்றது தானாக வந்துவிடாது. ஒரே ஆய்வேட்டைத் துறைக்கும் ஆனர்ஸ் திட்டத்துக்கும் சேர்த்துக் காட்ட விடும் இடங்கள் உண்டு. ஆனால் முன்கூட்டியே இரண்டு பக்கமும் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பரிடம் கேட்டு முடிவெடுப்பதும் ஆபத்து. 1922இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஃபிராங்க் அய்டலாட் இத்தகைய திட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டு பாணியில் தொடங்கியபோது, வெளியிலிருந்து தேர்வாளர்களை அழைத்துவந்து மாணவர்களைச் சோதிக்க வைத்தார். அங்கே இன்றும் அப்படித்தான். இன்னோர் இடத்தில் ஆய்வேடு கட்டாயம், மற்றோர் இடத்தில் ஆனர்ஸ் பாடங்களை முடித்தாலே போதும். உங்களுக்குப் பொருந்துவது உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேடு மட்டும்தான். அதிலும் நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடு. இடையில் விதி மாறினால், பழைய விதியிலேயே தொடரலாமா என்பதை ஆனர்ஸ் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி நான்காம் ஆண்டில் உதவாது. சொன்ன ஆலோசகரே அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது ஜி.பி.ஏ. கணக்கு. கடைசி வருடத்தில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு), திட்டம் கேட்பது 3.5 என்று வையுங்கள். மூன்று ஆண்டு முடிந்து 90 கிரெடிட்டில் உங்களிடம் 3.3 இருக்கிறது. மீதி 30 கிரெடிட்டிலும் ஒன்றுவிடாமல் 4.0 வாங்கினாலும் மொத்தம் 3.475தான் வரும். அவ்வளவுதான், கதவு மூடியாயிற்று. இதே மாணவர் முதலாண்டு முடிவில், அதாவது 30 கிரெடிட்டில், 3.0 என்று நின்றிருந்தால்கூட வழி இருந்தது: மிச்சம் 90 கிரெடிட்டில் சராசரியாக 3.67 வாங்கினால் 3.5ஐத் தொட்டுவிடலாம். கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. அதனால் இந்தக் கணக்கை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. 3.49ஐ 3.5 ஆக்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல இடங்களில் அப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கிரெடிட் விஷயத்தில் வழுக்கும் இடங்கள் சில. பள்ளியிலேயே எழுதிய, கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகள் பல இடங்களில் பட்டத்துக்குக் கணக்காகும்; ஆனர்ஸ் கிரெடிட்டாக எண்ணப்படுவது அபூர்வம். 'பாஸ் / ஃபெயில்' முறையில் எடுத்த பாடமும் பெரும்பாலும் அப்படியே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்கள், அது ஆனர்ஸில் எவ்வளவு சேரும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

'ஆனர்ஸ் காண்ட்ராக்ட்' என்று ஒன்று இருக்கிறது. சாதாரணப் பாடம் ஒன்றில் பேராசிரியருடன் ஒப்பந்தம் போட்டு, கூடுதலாக ஒரு கட்டுரையோ சோதனையோ செய்து, அதை ஆனர்ஸ் பாடமாக்கிக்கொள்வது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிவத்தைச் செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் இருபது பக்கக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, இதற்கு ஆனர்ஸ் கிரெடிட் உண்டா என்று கேட்டால் பேராசிரியர் பாராட்டுவார், அலுவலகம் மறுக்கும்.

சரி, ஆய்வேட்டுக்கு வருவோம். பெரிய சறுக்கல்கள் எல்லாம் இங்கேதான்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு புகழ்பெற்றவர் என்று பார்க்கிறார்கள். அவர் உங்கள் கடைசி ஆண்டில் ஊரில் இருப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. பேராசிரியர்கள் ஆய்வு விடுப்பில் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ போவது வழக்கமான விஷயம். 'அடுத்த வருடம் விடுப்பில் போகிறீர்களா?' என்று நேரடியாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பகுதிநேர ஆசிரியர்கள் எவ்வளவு அருமையாக வகுப்பெடுத்தாலும், முதன்மை வழிகாட்டியாக அவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வு என்றால், அது நேர்காணலோ கருத்துக்கணிப்போ உளவியல் சோதனையோ, ஐ.ஆர்.பி. எனப்படும் நெறிமுறைக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும். அமெரிக்க அரசின் 'காமன் ரூல்' என்ற விதித்தொகுப்பு 1991இலிருந்து இதற்கு அடிப்படை. பலரும் தவறுவது வரிசையில்தான். முதலில் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு நண்பர்களிடம் பதில் வாங்கிவிடுவார்கள், பிறகு அனுமதிக்கு விண்ணப்பிப்பார்கள். நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடையாது. திரட்டிய பதில்களைத் தூக்கிப் போட வேண்டியதுதான். விண்ணப்பத்துக்கு முன் இணையப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும், வழிகாட்டியின் ஒப்புதல் வேண்டும், குழு திருத்தம் கேட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை வைத்து ஆய்வு என்றால் பெற்றோர் சம்மதமும் சேரும், காலமும் நீளும். உங்கள் வேலைக்கு அனுமதி தேவையே இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியதும் அந்தக் குழுதான்.

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். மே மாதம் பட்டம் என்றால், இறுதிப் பிரதியை ஏப்ரலில் கேட்பார்கள். அதற்கு முன் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் படிக்க இரண்டு வாரமாவது வேண்டும். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்ய உங்களுக்கும் நேரம் வேண்டும். ஆக, முழு வரைவு மார்ச் தொடக்கத்தில் வழிகாட்டியின் கையில் இருந்தாக வேண்டும். தரவுகள் ஜனவரிக்குள் கையில் இருக்க வேண்டும். ஐ.ஆர்.பி. அனுமதி அதற்கு முந்தைய இலையுதிர் (ஆகஸ்ட்–டிசம்பர்) செமஸ்டரின் தொடக்கத்திலேயே. அப்படியானால் தலைப்பும் வழிகாட்டியும் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள். உயர்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவமும் அதே இலையுதிர் காலத்தில் வந்து மோதும் என்பதை மறக்க வேண்டாம். டிசம்பரில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் எல்லாம் முன்னால் நகரும். அறிவிப்புகளோ மே மாதக்காரர்களுக்காக எழுதப்பட்டவையாக இருக்கும்.

ஆய்வேட்டு வேலைக்கான கிரெடிட்டில் முறைப்படி பதிவு செய்தீர்களா என்றும் பாருங்கள். வேலை நடக்கிறது, பதிவு இல்லை என்ற நிலையில் மதிப்பெண் பட்டியலில் எதுவும் ஏறாது.

ஆய்வேட்டைப் பல நூலகங்கள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகின்றன. ஆய்வகத்தின் வெளிவராத தரவு அதில் இருந்தாலோ காப்புரிமைக்கு (பேட்டன்ட்) வாய்ப்பு இருந்தாலோ, சமர்ப்பிக்கும் முன்பே வழிகாட்டியிடம் பேசி, வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியான பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பிக்க அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. பெரும்பாலான மற்ற நாடுகளில் அதுவும் இல்லை.

கடைசி ஆண்டின் முதல் செமஸ்டரிலேயே ஆனர்ஸ் அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து உங்கள் பாடப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் தானியங்கிச் சரிபார்ப்புப் பக்கம் பட்டத்துக்கான தேவைகளைப் பச்சையாகக் காட்டும். ஆனர்ஸ் தேவைகள் அதில் வராமலே போகலாம். காண்ட்ராக்ட் பாடங்கள், வெளிநாட்டில் எடுத்தவை, விதிவிலக்காகப் பெற்றவை மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தால், அதை ஈடுகட்ட இன்னும் ஒரு செமஸ்டர் கையில் இருக்கும்.