ஐந்து ரூபாயில் ஒரு பொழுதுபோக்கு: கடிதமும் தபால்தலையும் புதிதாகத் தொடங்குவோருக்கு

தபால் சேவைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 1624இல் தொடங்கிய அவர்களுடைய அஞ்சல் சேவை, 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திக்கொண்டது. தெருவில் நின்ற சிவப்புப் பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள்.

இந்த நேரத்தில் போய்க் கடிதம் எழுதப் பழகுவதா என்று கேட்கலாம். நம் நாட்டில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இன்னும் திறந்திருக்கின்றன. நாகர்கோவிலில் பெட்டியில் போட்ட சாதாரணக் கடிதத்தை ஐந்து ரூபாய்க்கு ஸ்ரீநகர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பல ஊர்களில் அந்த விலைக்கு ஒரு டீகூடக் கிடைக்காது. ஒரே விஷயம், சாதாரணத் தபால் மெதுவாகத்தான் போகும். எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று போனில் பார்க்கவும் முடியாது. அதனால் தாமதத்தைத் தாங்கும் கடிதமாக எழுதப் பழக வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

1. ஆளைப் பிடியுங்கள்

முதல் கடிதத்தைப் பதில் போடக்கூடியவருக்கு எழுதுங்கள். அறுபது வயதைத் தாண்டிய சொந்தக்காரர், பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த ஆசிரியர், வேலைக்காக வெளியூர் போன நண்பர் என்று யாராவது இருப்பார்கள். முகவரி கேட்டால் "என்னப்பா, கல்யாணப் பத்திரிகையா?" என்பார்கள். சிரித்துச் சமாளித்து, பின்கோடோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வர ஒரு தந்திரம் உண்டு. உங்கள் முகவரியை எழுதிய இன்லாண்ட் லெட்டர் (எழுதி மடித்து ஒட்டினால் தானே கவராகிவிடும் தாள்) ஒன்றைக் கவருக்குள் மடித்து வைத்துவிடுங்கள். எழுத நினைத்தும் "தபால் ஆபீஸ் போக நேரமில்லை" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போய்விடும்.

2. எதில் எழுதுவது?

அஞ்சலட்டை, இன்லாண்ட் லெட்டர், கவர் என்று மூன்று வழிகள்.

அஞ்சலட்டை இந்தியாவுக்கு வந்தது 1879இல். சாதாரண அட்டை பல வருடங்களாக 50 காசிலேயே நிற்கிறது. நாலைந்து வரிக்கு அது போதும். என்ன, போகிற வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குடும்பச் சண்டையை அதில் எழுதாதீர்கள்.

இன்லாண்ட் லெட்டர் 2 ரூபாய் 50 காசு. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இடம் அளவாக இருப்பதால் வெள்ளைத் தாளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, நிரப்பிவிடலாம். உள்ளே வேறு எதையும், ஒரு போட்டோவைக்கூட, வைக்கக் கூடாது. மடித்து ஒட்டும்போது ஓரத்தில் எழுதிய எழுத்து பசையில் மாட்டிக்கொள்ளும், பிரிக்கிறவர் அதையும் சேர்த்துக் கிழிப்பார். ஒட்டும் ஓரத்தை விட்டுவிட்டு எழுதுங்கள்.

தபால்தலை ஒட்டும் சந்தோஷம் வேண்டுமென்றால் கவர்தான். அஞ்சலகத்தில் தலை அச்சிட்டே விற்கும் கவரை வாங்காமல், கடையில் வெற்றுக் கவர் வாங்குங்கள். 20 கிராம் வரைக்கும் 5 ரூபாய். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம், சின்னக் கவரும் அதே அளவு இருக்கும். ஆக, இரண்டு தாள் தாராளமாகப் போகும். மூன்றாவது தாளையோ திருப்பிப் போட வேண்டிய இன்லாண்டையோ சேர்த்தால் கவுண்டரில் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். தலை குறைந்தால் மீதியைக் கடிதம் வாங்குகிறவரிடம் அபராதத்தோடு கேட்பார்கள், அந்த வம்பு எதற்கு?

பேனா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உள்ளே எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், வெளியே முகவரியை மட்டும் பால்பாயிண்டில் எழுதுங்கள். மையும் ஜெல்லும் ஐப்பசி மழையில் ஒரு சொட்டு பட்டாலே ஊரையும் பேரையும் கரைத்துவிடும்.

3. என்ன எழுதுவது?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள். செய்தியெல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விட்ட பிறகு கடிதத்தில் எழுத என்ன மிச்சம் என்று தோன்றும். நிறையவே மிச்சம் இருக்கிறது.

உருவத்துக்குப் பழைய வழக்கமே போதும். மேலே நடுவில் பிள்ளையார் சுழி (பழக்கம் இருந்தால்), வலது மூலையில் ஊரும் தேதியும், பிறகு "அன்புள்ள". தேதியைக் கட்டாயம் போடுங்கள். கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாதபோது, எப்போது எழுதியது என்றாவது தெரிய வேண்டும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். கை ஓட ஆரம்பிக்க அது உதவும்.

அப்புறம் ஒரே ஒரு விதி: பத்து நாள் கழித்துப் படித்தாலும் கெட்டுப்போகாததை எழுதுங்கள். "ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?" என்பது போனில் கேட்க வேண்டியது. "காய்ச்சல் குறைந்ததா?" என்றால், படிக்கும்போது அவர் மார்க்கெட்டுக்குப் போய் வந்து உட்கார்ந்திருப்பார். பார்த்தது, நினைவுக்கு வந்தது, இன்னும் புரியாமல் இருப்பது, இவையெல்லாம் தாங்கும். இப்படி:

"அன்புள்ள அத்தைக்கு, நலம். நீங்களும் மாமாவும் நலமா? நீங்கள் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயில் கடைசித் துண்டு நேற்றோடு தீர்ந்தது. பாட்டிலைக் கழுவ மனசு வராமல் அப்படியே வைத்திருக்கிறேன். எலுமிச்சையில் போட்டுப் பார்த்தேன், அந்தக் கசப்பு வரவில்லை. வெயிலில் எத்தனை நாள் வைப்பீர்கள்? உப்பை முதல் நாளே போடுவதா? விவரமாக எழுதுங்கள், போனில் சொன்னால் மறந்துவிடுவேன்."

பாட்டில், கசப்பு, உப்பு என்று கையில் பிடிக்கிற சங்கதிகள்தான். கேள்விகள் அத்தைக்கு மட்டுமே பதில் தெரிந்தவை, அவசரமில்லாதவை. இந்தக் கடிதம் எந்த மாதத்தில் போய்ச் சேர்ந்தாலும் பதில் வரும்.

அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும். நகல் எடுத்து எழுதப் போனால் கடிதம் மேசையிலேயே தங்கிவிடும்.

4. முகவரி

பெறுநர் முகவரியைக் கவரின் நடுவிலிருந்து வலப்பக்கமாகவும், அனுப்புநர் முகவரியை இடது கீழ்மூலையிலோ பின்பக்கத்திலோ எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குள் தமிழிலேயே எழுதலாம். வெளிமாநிலத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிவிடுவது நல்லது. போன் நம்பரையும் சேர்த்தால், வீடு தெரியாமல் நிற்கும் போஸ்ட்மேனுக்கு உதவும்.

பின்கோடை விடவே கூடாது. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை புதுப்பட்டி! அந்தக் குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 627001 என்றால், முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம், 627 திருநெல்வேலி வட்டாரம், கடைசி மூன்று எண் எந்த அஞ்சலகம் என்பதைச் சொல்லும். ஊர்ப் பெயர் கலைந்துபோனாலும் இந்த ஆறு எண்ணை வைத்துக் கடிதம் பாதி வழிக்கு மேல் போய்விடும்.

5. தபால்தலை

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஓர் ஆளையோ நிகழ்வையோ நினைவுகூர வெளியிடும் நினைவுத் தபால்தலைகளில் பல, 5 ரூபாய் மதிப்பிலேயே வருகின்றன. அதாவது, கடிதத்துக்கு எப்படியும் ஒட்ட வேண்டிய காசுக்கே அழகான தலை கிடைக்கிறது. கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. தெரியாததால்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்டு வாங்கினால்தான் தருவார்கள். சின்ன அஞ்சலகங்களில் வழக்கமான தலைகள் மட்டும் இருக்கும். ஊரிலுள்ள தலைமை அஞ்சலகத்துக்குப் போய், "நினைவுத் தபால்தலை, அஞ்சு ரூபாயில் என்னென்ன இருக்கு சார்?" என்று கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டமில்லாத மத்தியான வேளையில் போனால் தாள் தாளாக எடுத்துக் காட்டுவார்கள்.

ஒட்டும் முறைக்கு வருவோம். வலது மேல்மூலையில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். பின்னாலுள்ள பசை சில சமயம் பிடிக்காது. அஞ்சலக மேசையிலுள்ள பசையை விளக்குமாற்றுக் குச்சியால் அள்ளி அப்பினால், தலையும் பக்கத்துக் கவரும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். விரலில் ஒரு பொட்டு எடுத்து நாலு மூலைக்கும் தடவினால் போதும். மேலே செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், முத்திரை மை அதில் பிடிக்காது.

6. போடுவது

தெருமுனைப் பெட்டியில் போடுமுன், எடுக்கும் நேரம் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து, வாயில் சிலந்தி வலை கட்டிய பெட்டியை நம்ப வேண்டாம். அஞ்சலக வாசலிலுள்ள பெட்டியே மேல்.

இன்னும் நல்லது கவுண்டரில் கொடுத்து, "முத்திரையைத் தெளிவாகக் குத்துங்க" என்று கேட்பது. தேதியும் ஊரும் வட்டமாக விழுந்த கவருக்கு ஒரு தனி அழகு உண்டு. மாமல்லபுரம், கன்னியாகுமரி போன்ற ஊர்களுக்குப் போனால் அங்குள்ள அஞ்சலகத்தில் படம் போட்ட முத்திரை இருக்கும். சுற்றுலா போகிறவர்கள் அங்கிருந்து தங்கள் முகவரிக்கே ஓர் அட்டை போட்டுக்கொள்ளலாம்.

சான்றிதழ், பத்திரம் மாதிரி தொலையக் கூடாதவற்றைச் சாதாரணத் தபாலில் போடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபரில் மாறியிருக்கிறது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. பெறுநர் கையிலேயே கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் 5 ரூபாய் கட்டிப் பதிவு வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பதிவுத் தபாலின் மிச்சம் இதுதான்.

7. வந்த கவரிலிருந்து தலையை எடுப்பது

முதலில் எடுக்கலாமா என்று யோசியுங்கள். முத்திரை தெளிவாக விழுந்திருந்தால், படமுத்திரையாக இருந்தால், கவரை முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிவிட்டால் அந்த மதிப்பு போய்விடும்.

மற்றவற்றுக்கு, தலையைச் சுற்றி ஒரு விரற்கடை காகிதம் விட்டு வெட்டி, அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, படம் மேலே பார்க்க மிதக்கவிடுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் பசை இளகித் தலை தானாக வழுக்கும். வழுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும், இழுக்கக் கூடாது. பின்பக்கத்தில் கொழகொழவென்று இருக்கும் மிச்சப் பசையை விரலால் மெல்லத் தடவிக் கழுவி, வெள்ளைத் தாளின்மேல் படம் கீழே பார்க்கக் காயவையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். காய்ந்ததும் சுருண்டுகொள்ளும், தடித்த புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்தால் நேராகிவிடும். காக்கிக் கவர், வண்ணக் கவர் துண்டுகளைத் தனித் தட்டில் போடுங்கள், சாயம் இறங்கும். ஸ்டிக்கர் மாதிரி வரும் வெளிநாட்டுத் தலைகள் பல, தண்ணீருக்கு மசியாது. அவற்றைக் காகிதத்தோடே வைத்துக்கொள்வதுதான் வழி.

நோட்டில் பசை போட்டு ஒட்டுவது பள்ளிக்கூடப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். தபால்தலைக்கென்று ஸ்டாக் புக் கிடைக்கும், ஒட்டாமல் செருகி வைக்கலாம். கையால் தொடாமல் முனை மழுங்கிய இடுக்கியால் எடுங்கள். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் புதுத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டால், உலகத்தையே சேர்க்கக் கிளம்பாமல் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். தமிழ்நாட்டு ஆளுமைகள் என்று எடுத்தால் 1960இல் வந்த திருவள்ளுவரும் பாரதியும், 1962இன் ராமானுஜன், 1972இன் வ.உ.சி. என்று ஒரு வரிசை கிடைக்கும். வாசனை பிடித்தவர்களுக்கு 2006இன் சந்தன மணம் வீசும் தலையும் 2007இன் ரோஜா மணத் தலையும் இருக்கின்றன.

8. பழகிய பிறகு

தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டித் தபால்தலை வைப்புக் கணக்குத் தொடங்கினால், புதிதாக வெளியாகும் தலைகளை அனுப்பிவைப்பார்கள். அஞ்சல்துறை வருடந்தோறும் ‘டாய் ஆகர்’ என்ற கடிதப் போட்டி நடத்துகிறது, தமிழிலும் எழுதலாம். உங்கள் அஞ்சலகத்தில் கேட்டு வையுங்கள்.

எழுத ஆள் கிடைக்காதவர்களுக்கு, போர்ச்சுகலில் 2005இல் தொடங்கிய போஸ்ட்கிராஸிங் என்ற இணையதளம் இருக்கிறது. பதிவுசெய்தால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவருடைய முகவரி கிடைக்கும். அவருக்கு அட்டை போட்டு, அது போய்ச் சேர்ந்ததும் வேறொருவர் உங்களுக்குப் போடுவார். அவர்கள் தரும் அடையாள எண்ணை அட்டையில் எழுத மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் வந்து சேர்ந்ததைப் பதிய முடியாது. நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுக்கு எவ்வளவு தலை ஒட்ட வேண்டும் என்பதைக் கவுண்டரில் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள், நம் ஐந்து ரூபாய்க் கணக்கு அங்கே செல்லாது.